ஹெல்மெட் வறுத்த மீன்

ஆரணியில் ஒரு நாள்கூடத் தவறாமல் ஹெல்மெட் போட்ட ஒரே மனிதர் அவர்தான் என்று நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். என்ன, வண்டியில் போகும்போது அவர் தலையில் அதை ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டுக்குள், அடுப்புக்கு முன்னால், மீன் வறுக்கும்போது மட்டும் போடுவார்.

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதினால் ஆரணியை ஒட்டிய எங்கள் சேவூரில் ஒருவருக்கும் ஆள் யாரென்று தெரியாது. ஹெல்மெட் என்று சொல்லுங்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் எதிர்ப்படுகிறவர் உங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "இன்னா மீனுன்னு பாத்துட்டு வாங்க" என்றும் சொல்லி அனுப்புவார்.

அலுவலக மாற்றலில் ஆரணிக்கு வந்த நான் சேவூரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன். பிள்ளைகளின் படிப்புக்காக என் குடும்பம் திருச்சியிலேயே தங்கிவிட்டது. கீழ்ப் போர்ஷனில் ஹெல்மெட்டும் அவர் மனைவி ஜெசிந்தாவும். ஹெல்மெட்டுக்கு ஆரணிக்குள் ஒரு பட்டுக் கடையில் வேலை. புடவையை எடுத்து விரித்துப் போட்டுக் காட்டுவது, காட்டியதை மறுபடி மடிப்பது. ஜெசிந்தா செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இருட்டிய பிறகு இறங்குவார். இருவரும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஜெசிந்தாவின் அப்பா சந்தவாசல் பக்கத்தில் விவசாயி. சர்ச்சில் முக்கியமான ஆள். மகள் வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவர் மகளோடு பேசவில்லை. இந்த வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஹெல்மெட் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். அவர் ஏன் மீன் வறுக்க ஆரம்பித்தார் என்பதை ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

"கல்யாணமாகி ஒரு வருஷம் சார். நான் செஞ்ச சாம்பாரு, பொரியலு, எது வெச்சாலும் ஒரு வார்த்த சொல்லாம துன்னா. நானும் நம்ம கைப்பக்குவம்னு நெனச்சிகினு இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் தெருமுனையில நின்னுகினு இருக்கா. யாரோ கூப்பிட்டாங்களான்னு பாத்தா யாரும் இல்ல. எதிர் வீட்ல மீன் வறுக்கறாங்க. இவ நின்ன எடத்துலயே கண்ண மூடிகினு மூச்ச இழுத்துகினு இருக்கா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சார்."

மறுநாளே மீன் வாங்கிவிட்டார்.

அந்த முதல் நாளைச் சேவூர் இன்றும் மறக்கவில்லை. கழுவிய மீனை ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் கொதிக்கிற எண்ணெயில் போட்டிருக்கிறார். பட்டாசுக் கடையில் நெருப்புப் பட்டதுபோல ஒரு சத்தம். நான் மாடியிலிருந்து ஓடி வந்தபோது ஹெல்மெட் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே எண்ணெய் இன்னும் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மீனின் தோல் தோசைக்கல்லோடு ஒட்டிக்கொள்ள, சதை கரண்டியோடு வர, நடுமுள் மட்டும் முழுசாக மிஞ்சியது. ஜெசிந்தா வந்து பார்த்துவிட்டுக் கன்னத்துக்கு மருந்து போட்டார். பிறகு கல்லில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார்.

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னா சார்," என்றார் ஹெல்மெட். "கல்ல சொரண்டித் துன்னவ நல்லா இருக்குதுன்னு சொன்னா, நான் இன்னா மனுஷன் சார்?"

அடுத்த நாளிலிருந்து ஹெல்மெட் தலைக்கு ஏறியது. அது வண்டியில் போட்டுக்கொள்ளச் சொல்லி ஜெசிந்தா வாங்கிக் கொடுத்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, மழைக்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, கையில் நீளமான இடுக்கியோடு அவர் அடுப்புக்கு முன்னால் நின்றால், மீன் வறுக்கப் போகிறாரா அல்லது நிலவுக்குப் போகிறாரா என்று சந்தேகம் வரும். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று இந்தக் கோலத்தைப் பார்த்தார். "லீக்கா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் சிலிண்டரைத் தெருவிலேயே உருட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் தெருமுனைவரைதான் வரும்.

"இத வண்டியில போடக் கூடாதா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ரோட்ல எல்லாம் தெரிஞ்ச மனுஷங்க சார். எண்ணெய் நமக்குத் தெரிஞ்சவனா?" என்றார்.

ரோட்டில் தெரியாதவர் ஒருவர் இருந்தார். புதிதாக வந்த போக்குவரத்துக் காவலர். அவர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, "ஹெல்மெட் எங்கய்யா?" என்று கேட்டிருக்கிறார்.

"வீட்ல சார். அடுப்பாண்ட."

"அடுப்பாண்ட எதுக்குய்யா?"

"மீன் வறுக்க சார்."

காவலர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊது" என்றாராம். வாழ்நாளில் பீரைக்கூடத் தொடாத மனிதர் ஊதிக் காட்டிவிட்டு வந்தார்.

மீன் வாங்கப் போனாலும் பட்டுக் கடைப் புத்தி அவரை விடவில்லை. சாயங்காலம் ஐஸ் பெட்டியோடு ஒரு மீன்காரம்மா மெயின் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பார். ஹெல்மெட் நெருங்கி, மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, வெயிலில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். "உள்ள ஒரு கலர், வெளிய ஒரு கலரா இருக்கக் கூடாதும்மா," என்பார். கொடுவா மீன்தான் அவருடைய ரகம். சதை வெள்ளை வெளேரென்று இருக்கும், முள்ளும் குறைவு, சீக்கிரம் வேகும். துண்டு போட்ட பிறகு தலையை மட்டும் வாங்க மாட்டார்.

"தல வேணாமா நைனா? கொழம்புக்கு ஆவுமே," என்று மீன்காரம்மா கேட்பார்.

"வேணாம்மா. அது என்னயே பாத்துகினு இருக்கு."

எண்ணெய் வெடித்ததற்குக் காரணம் ஈரம் என்று சொல்லிக்கொடுத்ததும் அந்த அம்மாள்தான். அன்று முதல் ஒவ்வொரு துண்டையும் பருத்தித் துணியில் பொதிந்து, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுவதுபோல ஒற்றி எடுப்பார். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் அரிசி மாவு. பூச்சு மெலிசாக இருக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு மீன். போட்டபின் தொடக் கூடாது. "அதுவா கல்ல வுடும் சார். நாம அவசரப்பட்டுப் பேத்தா பேஜாரு." அது கல்லை விட்டதும் ஒரே ஒரு திருப்பு. கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அவ்வளவுதான் சமையல்.

எல்லாம் ஜல்தியாக நடக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார். கம்பெனி பஸ் ஊருக்கு வெளியே இருக்கிற பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் ஜெசிந்தா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அந்த நொடியில் கல் அடுப்பில் ஏறும். ஜெசிந்தா இறங்கி நடந்து வந்து, கைகால் கழுவி உட்காரும்போது மீன் தட்டில் இருக்கும். தட்டில் அடுக்குவதும் புடவை அடுக்குவது மாதிரிதான். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் விலகி, தோல் பக்கம் வெளியே தெரிய வேண்டும். "பார்டர் தெரிஞ்சாதான் சார் எடுப்பா இருக்கும்," என்பார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அவர் ருசி பார்க்க மாட்டார். உப்பு சரியா, உறைப்பு சரியா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கடவுள் மாடியில் என்னை வைத்திருந்தார். மாலையில் கீழேயிருந்து குரல் வரும்: "சார், கொஞ்சம் நாக்கு குடுங்க." நான் இறங்கிப் போனால் ஒரு சின்னத் துண்டைச் சோதனைக்கு வறுத்து நீட்டுவார். நான் மெல்லும்போது என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். மெஸ்ஸில் சாப்பிட்டுச் செத்துப்போயிருந்த என் நாக்கு, இந்த வேலை கிடைத்த பிறகு உயிரோடு எழுந்தது. நல்லா இருக்கிறது என்று உடனே சொல்லிவிட்டால் சோதனை முடிந்துவிடும் என்பதால், "கொஞ்சம் சந்தேகமா இருக்கு, இன்னொரு துண்டு பாக்கலாம்" என்று அலுவலகக் குரலில் சொல்லவும் பழகிக்கொண்டேன்.

கடையிலும் பிரச்சினை வந்தது. பட்டு எந்த வாசனையையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, முதலாளி தினமும் காலையில் அவர் விரல்களை மோந்து பார்த்த பிறகுதான் புடவையைத் தொட விடுவாராம். ஹெல்மெட் வறுத்து முடித்ததும் எலுமிச்சைத் தோலால் ஒரு முறை, காப்பித் தூளால் ஒரு முறை கையைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். மீன் வாசனை போய்விட்டது. கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள்தான் முந்தானையை மூக்கருகில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இதுல யாராவது காப்பி ஊத்திட்டாங்களா?" என்று கேட்டாராம்.

இப்படிக் கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மாலை வந்தது. நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். கீழேயிருந்து, "சார், நாக்கு," என்று குரல் கேட்டது. வழக்கமான குரல் இல்லை. நடுங்கியது.

இறங்கிப் போனேன். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர், எந்த நிமிடமும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. ஹெல்மெட் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"ஜெசி அப்பா சார்," என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிசுகிசுத்தார். "பையனுக்குக் கல்யாணமாம். பத்திரிக வெக்க வந்துகீறார்."

"எப்ப வந்தாரு?"

"இப்பதான். கதவத் தட்டினாரு, நான் இதோடயே போய்த் தொறந்துட்டேன். ரெண்டடி பின்னால போயி, 'மன்னிச்சிகோங்க, வீடு மாறி வந்துட்டேன்'னு திரும்பிட்டாரு. வாங்க மாமான்னு கூப்பிட்டேன். இதுக்குள்ள இருந்து கூப்பிட்டா கெணத்துக்குள்ள இருந்து கூப்பிட்ட மாதிரி கேக்குது. மனுஷன் சுத்தும் முத்தும் பாக்கறாரு."

அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்துச் சொன்னது சிரிப்பாக இல்லை. கம்பெனி பஸ்ஸுக்கு வழியில் டயர் பஞ்சர் என்று ஜெசிந்தா போன் செய்திருக்கிறார். ஜெசிந்தா வரத் தாமதமாகும். பெரியவரோ தண்ணீர்கூட வேண்டாம், பத்திரிகையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போகிறேன் என்கிறார்.

"அவகிட்ட நான் சொல்லல சார். சொன்னா பஸ்ஸ வுட்டு எறங்கி நடந்தே வந்துடுவா. இவர் இப்பிடியே போயிட்டா, அவ வந்து பத்திரிகய மட்டுந்தான் பாப்பா. அவ வர்ற வரிக்கும் இவர உக்கார வெக்கணும். எப்பிடி சார்?"

ஹெல்மெட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கல்லை அடுப்பில் ஏற்றினார். எப்போதும் கல் நிறையத் துண்டுகளைப் பரப்புகிறவர், அன்று ஒரே ஒரு துண்டைப் போட்டார்.

ஹாலுக்கு வந்து நான் பெரியவரிடம் மழையைப் பற்றிக் கேட்டேன். "பெய்து," என்றார். நெல்லைப் பற்றிக் கேட்டேன். "கீது," என்றார். போர் தண்ணீரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தபோது, கறிவேப்பிலை பொரிகிற வாசனையும் அதன் பின்னால் மீனின் வாசனையும் ஹாலுக்குள் வந்தன. பெரியவரின் மூக்கு லேசாக அசைந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்.

"இன்னா மீனு?"

"கொடுவாங்க மாமா," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"இந்த ஊர்ல ஏது கொடுவா? ஐஸ் மீனா இருக்கும். பஞ்சு மாதிரி இருக்கும்."

ஹெல்மெட் தட்டோடு வெளியே வந்தார். தலை இப்போது வெறும் தலை. முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. நடுங்கிக்கொண்டிருந்த மனிதர் தட்டை நீட்டியதும் கடையில் நிற்கிறவராக மாறிவிட்டார். "எடுக்கணும்னு இல்லீங்க மாமா. சும்மா பாருங்க. புடிக்கலன்னா வெச்சிடுங்க. பாக்கறதுக்குக் காசு இல்ல."

எத்தனையோ பெண்கள் இந்தப் பேச்சுக்கு மயங்கிப் புடவை எடுத்திருக்கிறார்கள். பெரியவர் மட்டும் என்ன செய்வார். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தார். மொறுமொறுவென்ற மேல்பாகம் உடைந்து, உள்ளே வெள்ளைச் சதை ஏடு ஏடாகப் பிரிந்தது. இன்னொரு தடவை கிள்ளினார். மடியிலிருந்த மஞ்சள் பை தரைக்கு இறங்கியது.

அன்று ஹெல்மெட் மீன் வறுத்ததைப் போல நிதானமாக உலகத்தில் யாரும் வறுத்திருக்க மாட்டார்கள். ஒரு துண்டு முடியும். பெரியவர் கைகழுவ எழுவார். உடனே அடுத்த துண்டு வரும். "இது வால் பக்கம் மாமா, வேற ரகம்." அது முடியும். "இது நடுத்துண்டு. இதப் பாக்காமப் போனா நான் காட்டலன்னு ஆயிடும்." ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் கல்லைத் துடைத்தார், எண்ணெய் மாற்றினார், இல்லாத கறிவேப்பிலையைத் தேடினார். நடுவில் நான் போர் தண்ணீர், யூரியா, மாப்பிள்ளைப் பையனின் வேலை என்று பேச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். பெரியவரும் மெல்ல மெல்லத் திறந்தார். வாசலில் ஒரு டவுன் பஸ் போனது. அவர் திரும்பிப் பார்த்தார். "அடுத்தது வரும்," என்றேன். தலையாட்டிவிட்டு முள்ளை எடுத்தார்.

கடைசித் துண்டைக் கல்லில் போட்டபோது ஹெல்மெட் என்னைப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. இதற்கு மேல் காட்டச் சரக்கில்லை.

அந்தத் துண்டு தட்டுக்கு வந்து பாதி முடிந்திருந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா உள்ளே வந்தார். தோளில் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் வாயில் மீனோடு நிமிர்ந்தார். விழுங்கினார்.

"வந்துட்டியா? இவ்ளோ நேரமா ஒரு பஸ்ஸு?"

"டயர் பஞ்சர்ப்பா."

முந்தாநாள் பேசிவிட்டுப் போனவர்கள்போலத்தான் பேசினார்கள். ஜெசிந்தா பையைக்கூட இறக்காமல் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். "எனக்கு?" என்றார்.

ஹெல்மெட் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டிலிருந்த அரைத் துண்டையும் ஓரத்தில் குவிந்திருந்த முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு வெச்சதெல்லாம் நானே துன்னுட்டன்மா," என்றார். மிச்சமிருந்த அரைத் துண்டில் முள் எடுத்து மகளின் வாயில் வைத்தார். ஜெசிந்தா அழுதுகொண்டே மென்றார், மென்றுகொண்டே சிரித்தார். நானும் ஹெல்மெட்டும் சமையலறைக்குள் போய்ச் சுத்தமாக இருந்த கல்லை இன்னொரு தடவை துடைத்தோம்.

அன்று பெரியவர் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு அங்கேயே தங்கினார். ஜெசிந்தாவுக்கு ராத்திரிச் சாப்பாடு தயிர்ச்சோறு. பக்கத்தில் ஹெல்மெட்டுக்கும் அதுதான். "நீங்க மீன் துன்றது இல்லையா மாப்ள?" என்று பெரியவர் கேட்டார். பழக்கம் இல்லை என்று ஹெல்மெட் சொன்னதும் பெரியவர் எழுந்து சமையலறைக்குள் போய் அந்தத் தோசைக்கல்லைப் பார்த்துவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சர்ச்சுக்குப் பக்கத்தில் பந்தல். எல்லா இலைக்கும் பிரியாணி. ஹெல்மெட்டின் இலை மட்டும் காலியாக இருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்போது பெரியவர் புது வேட்டியில் கரி அப்பியிருக்க, இரண்டு சின்னப் பாத்திரங்களைத் துண்டால் பிடித்துக்கொண்டு பந்திக்குள் வந்தார். வாழ்க்கையில் அடுப்புப் பக்கமே போகாத மனிதர், மகனின் கல்யாண நாளில் தனியாகக் கல் கூட்டி அடுப்பு மூட்டி, மருமகனுக்கென்று சோறு வடித்துச் சாம்பார் வைத்திருக்கிறார்.

"சமையக்காரங்க பாத்திரம்லாம் கறி பட்டது மாப்ள. அதான் நானே வெச்சேன். பாருங்க, எப்பிடி கீதுன்னு."

ஹெல்மெட் சாப்பிட்டார். தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பெரியவர் முகம் மலர்ந்து அடுத்த பந்தியைப் பார்க்கப் போனதும், நான் அந்தச் சாம்பாரை விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். பருப்பு வேகவே இல்லை. பல்லில் கல்போல அகப்பட்டது.

"எப்பிடிங்க இத சாப்புடறீங்க?" என்றேன்.

"மெதுவா பேசுங்க சார்," என்றார். "அவர் காதுல வுழப்போவுது."

இலையில் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். அப்புறம் எத்தனையோ கல்யாணங்களில் பெரிய பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். இவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த அந்த ஒரு நாளைத்தான் நான் வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.